கோட்டை வாசலில் ஆலாத்தி

கோட்டைத் தோட்டம்,
லிந்துலை.
7.2.1954

அன்புள்ள அக்கா ராக்காயிக்குத் தம்பி சோலைமலை எழுதுவது. எனக்கு இருமல் உண்டு, மற்றபடி சுகம். நீயும் மச்சானும் பிள்ளைகளும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க இங்கே பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் சொல்லி வைத்திருக்கிறேன்.

பெண் வீட்டார் "மாப்பிள்ளை எங்க இருக்காரு, லயத்துலயா?" என்று கேட்டதாகவும், நீ பதில் தெரியாமல் முழித்ததாகவும் எழுதியிருந்தாய். இதில் முழிக்க என்ன இருக்கிறது? லயத்து வரிசை வீட்டில் இல்லை, கோட்டையில் இருக்கிறான் என்று சொல். நான் பங்களாச் சமையல்காரன், பங்களா கோட்டை. கணக்குச் சரிதானே?

இதைக் கட்டியது எங்கள் துரையின் பாட்டன். ஸ்கொட்லாந்தில் அவர்கள் பரம்பரைக் கோட்டை ஒன்று இருக்கிறதாம், அறுநூறு வயது. அதே மாதிரி லிந்துலையிலும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக் கட்டினார். நாலு முழம் கனத்தில் கருங்கல் சுவர். மேலே பல் வைத்த மதில். ஒரு வட்டக் கோபுரம். அம்பு விடுவதற்குச் சுவரில் கீறல் கீறலாக ஓட்டை. சுற்றிலும் அகழி.

துரை ஒருநாள் நல்ல குஷியில் இருந்தபோது கதை சொன்னார். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் தங்களுக்குள்ளேயே ஓயாமல் வெட்டிக்கொண்டார்களாம். முதலில் மரத்தால் கோட்டை கட்டினார்கள், எதிரி நெருப்பு வைத்தான். பிறகு கல்லால் கட்டினார்கள், எதிரி பீரங்கி கொண்டு வந்தான். இனி ஆகாது என்று கோட்டைக்கெல்லாம் பெரிய ஜன்னல் வைத்து வீடாக்கிக்கொண்டார்களாம். எங்கள் துரையின் பாட்டனுக்கு மட்டும் அந்தக் கடைசிச் சங்கதி எட்டவில்லை. இன்றைக்கும் அம்பு விடும் ஓட்டை வழியாகப் பனி நுழைந்து என் குழம்பில் இறங்குகிறது. அகழியில் தவளை, கரையில் அட்டை. எதிரி யாரும் இதுவரை வரவில்லை.

பெண் வீட்டாரிடம் பனி, அட்டை பற்றிச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு உன் தம்பி,
சோலைமலை

---

கல்லுமலைத் தோட்டம்,
றொசல்ல.
20.2.1954

தம்பி சோலைமலைக்கு அக்கா ராக்காயி சொல்ல எழுதியது. நாங்கள் சுகம். எனக்கு மாதம் ஏழு. கால் வீங்கியிருக்கிறது, கொழுந்து எடுக்க ஏறும்போது மூச்சு வாங்குகிறது. நீ இருமலுக்கு மல்லித் தண்ணீர் குடி.

பெண் யாரென்று நீ கேட்கவேயில்லை. தோட்டத்துக் கொத்தனார் செல்லசாமியின் மகள், பெயர் அம்மாக்கண்ணு. தாய் இல்லாத பிள்ளை. பள்ளிக்கூடத்தில் படித்தது. செல்லசாமி அண்ணன் பிடிவாதக்காரர். லயத்துக் கோடியில் தன் கையால் தனியாக ஒரு வீடு கட்டி வைத்திருக்கிறார். "கல்லு வீட்ல பொறந்த பிள்ளய தகரக் காம்பராவுல கொண்டு போய்த் தள்ள மாட்டேன்" என்று ஒரே பிடி. நான் கோட்டை என்றேன். மனிதர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வைகாசி பிறந்ததும் வீடு பார்க்க வருவார்.

உனக்கு வயது முப்பத்திரண்டு ஆகிறது. இதுவும் தவறினால் உனக்கு அந்தத் தவளைதான் துணை. புத்தியாய் நடந்துகொள்.

அக்கா,
ராக்காயி

எழுதுபவர் குறிப்பு: கோபுரத்துக்குப் படி எந்தப் பக்கம் சுற்றுகிறது? அக்கா கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன்.

---

லிந்துலை,
8.3.1954

அன்புள்ள அக்காவுக்கு. மல்லித் தண்ணீர் குடித்தேன். இருமல் போய் வயிறு கெட்டது. மற்றபடி சுகம். உன் கால் வீக்கத்துக்கு ஒத்தடம் கொடு, மலை ஏறுவதைக் குறை.

எழுதித் தரும் தங்கச்சிக்கு (கையெழுத்தைப் பார்த்தால் பெண் பிள்ளை போலிருக்கிறது): படி ஏறும்போது வலப்பக்கமாகச் சுற்றுகிறது. கீழேயிருந்து வாளோடு ஏறி வருபவனுக்கு வலக்கை நடுத்தூணில் இடிக்கும். மேலே நிற்பவனுக்குக் கை வீச இடம் இருக்கும். துரை சொன்னது. நான் தேத்தண்ணித் தட்டோடு ஏறும்போது எனக்கும் அப்படித்தான் இடிக்கிறது.

அக்கா, பெண் படித்தது என்கிறாய். அதுதான் எனக்கு யோசனை. படித்த பெண் வாய் காட்டும். நான் குழம்பில் உப்பு போட்டால் அதற்கும் ஒரு கேள்வி வரும். வேறு பெண் கைவசம் இல்லையென்றால் சரி.

இன்னொரு விஷயம். துரை சீமைக்குத் திரும்பப் போகிறார். தோட்டத்தைக் கொழும்பு முதலாளி ஒருவர் வாங்கியிருக்கிறார். அவர் ஆட்கள் வந்து சுவரின் நீளம், கனம் எல்லாம் நாடா பிடித்து அளந்தார்கள். வெள்ளை அடிக்கவாக இருக்கும். இதைப் பெண் வீட்டாரிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

தம்பி,
சோலைமலை

---

றொசல்ல,
19.3.1954

தம்பிக்கு அக்கா. சுகம். கால் அப்படியே இருக்கிறது. நீ வயிற்றைக் கவனி. வீடு பார்க்க வருவது நிச்சயம். கோட்டையைக் கூட்டித் துடைத்து வை.

அக்கா, ராக்காயி

எழுதுபவர் குறிப்பு: ஒன்று, படித்தவர்கள் எல்லோரும் வாய் காட்டுவதில்லை. சிலர் பேசாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு, சுவரை அளந்த விஷயத்தை நான் அக்காவுக்கு வாசித்துக் காட்டவில்லை. பிள்ளைத்தாய்ச்சி, கவலைப்படும். வெள்ளை அடிக்க யாரும் கனத்தை அளக்க மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் கொத்தனார் இருக்கிறார், எனக்குத் தெரியும். மூன்று, என்னைத் தங்கச்சி என்று எழுத வேண்டாம். முறை தப்பும்.

---

லிந்துலை,
11.4.1954

அன்புள்ள அக்காவுக்கு, சித்திரை வருஷப்பிறப்பு வாழ்த்து. பலகாரம் சுட்டு மஃறூப் நானாவின் லொறியில் அனுப்பியிருக்கிறேன். இவர் லிந்துலையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி, எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன். வழியில் அவர் தின்றது போக மீதியைப் பிள்ளைகளுக்குக் கொடு.

எழுதித் தருபவருக்கு: தங்கச்சி முறை இல்லை என்றால் நீங்கள் எனக்குச் சித்தி முறையாகத்தான் இருக்க வேண்டும். தெரியாமல் எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் சித்தி. உங்கள் வீட்டிலும் கொத்தனாரா? றொசல்லயில் தடுக்கி விழுந்தால் கொத்தனார் போலிருக்கிறது. சுவர் விஷயத்தை வாசிக்காமல் விட்டதற்கு உங்களுக்குக் கோயில் கட்ட வேண்டும். நீங்கள் நினைப்பது சரி. வெள்ளை அடிக்க இல்லை. இடிக்கத்தான். கல்லைக் கொண்டுபோய் தேயிலை ஸ்டோர் கட்டப் போகிறார்களாம். எனக்கு இந்த உலகத்தில் காட்டிக்கொள்ள இருப்பது இந்தக் கோட்டை வாசல் ஒன்றுதான், சித்தி. அதுவும் போய்விட்டால் என்னை யார் பார்ப்பார்கள்? கலியாணம் முடியும்வரை இதைப் பெண்ணின் காதுக்குப் போகாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அக்கா, வீடு பார்க்க வருபவர்களை எப்படி வரவேற்பது? நீ வந்து நிற்பாய் அல்லவா?

தம்பி,
சோலைமலை

---

றொசல்ல,
2.5.1954

தம்பிக்கு அக்கா. ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம். நீ தாய்மாமன், வெள்ளிக் கொலுசுக்கு வழி பார். பச்சை உடம்போடு நான் எப்படி வருவேன்? உன் மச்சான் சின்னராசா செல்லசாமி அண்ணனைக் கூட்டிக்கொண்டு பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ரெயிலில் தலவாக்கலை வந்து இறங்குவார்.

செல்லசாமி அண்ணன் சாத்திரம் பார்க்கிறவர். வாசலில் ஆலாத்தி சுற்றாத வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, வெற்றிலை போட்டு, ஒரு சுமங்கலியை விட்டுச் சுற்றிக் கீழே ஊற்றச் சொல். நீ சுற்றிவிடாதே, கட்டைப் பிரமச்சாரி. ஆலாத்தி மட்டும் தவறினால் எல்லாம் தவறின மாதிரி.

அக்கா, ராக்காயி

எழுதுபவர் குறிப்பு: நான் சித்தி இல்லை. பெண்ணின் காதுக்கு எதுவும் போகாமல் பார்த்துக்கொள்வது இனிமேல் கஷ்டம். ஆனால் அவள் அப்பாவிடம் சொல்ல மாட்டாள் என்று நினைக்கிறேன்.

---

லிந்துலை,
18.5.1954

அக்கா, சுகம் கேட்கிற நிலைமையில் நான் இல்லை. மச்சான் வந்து பாதி சொல்லியிருப்பார். மீதியை என் வாயால் கேள்.

ஆலாத்திக்கு லயத்துப் பெண்களைக் கூப்பிட்டேன். ஒருத்தியும் வரவில்லை. கோட்டைக்குள் வெள்ளைக்காரப் பேய் தொப்பி போட்டுக்கொண்டு உலாத்துகிறதாம். பேச்சியம்மா ஒருத்திதான் அகழி வரைக்கும் வந்தாள். தவளை குதித்ததும் தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நான் சுற்றக்கூடாது. சுற்ற ஆள் இல்லை. அப்போதுதான் எனக்கு வாசல் ஓட்டை ஞாபகம் வந்தது.

வாசலுக்கு மேலே ஒற்றைக் கல்லில் குடைந்த பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் எதிரி கதவை உடைக்க வந்தால் அதன் வழியாகக் கொதிக்கிற தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்களாம். நான் என்ன நினைத்தேன் என்றால், எப்படியும் ஆலாத்தித் தண்ணீரை வாசலில் ஊற்றத்தானே வேண்டும்? அவர்கள் ஓட்டையைத் தாண்டிக் கதவருகே வந்ததும் பின்னால் மேலேயிருந்து ஊற்றிவிட்டால் திருஷ்டியும் கழியும், கோட்டைக்கும் ஒரு கௌரவம். தட்டுத் தண்ணீர் போதாதென்று ஒரு குடம் கரைத்து வைத்தேன், முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றிச் சோதித்தும் பார்த்தேன். அழகாக விழுந்தது.

அவர்கள் வந்தார்கள். யாராக இருந்தாலும் நேரே கதவைப் பார்த்து வருவார்கள். இந்த மனிதர் கொத்தனார் அல்லவா? ஓட்டைக்கு நேர் கீழே வந்ததும் நின்றுவிட்டார். அண்ணாந்து பார்த்தார். "ஏ சின்னராசா, சாந்தே இல்லாம இந்தக் கல்ல எவன்யா இப்பிடிக் கோத்தான்?" என்று வாயைப் பிளந்தார். தாண்டியிருப்பார்கள் என்று நினைத்து அதே நேரம் நான் ஊற்றிவிட்டேன்.

முழுக் குடமும் போய்விட்டது அக்கா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை எல்லாம் இரத்தச் சிவப்பு. வெற்றிலை நெற்றியில் ஒட்டிக்கொண்டது. நான் படியில் உருண்டு இறங்கி ஓடி வந்தேன். அவர் வாயிலிருந்த ஆலாத்தித் தண்ணீரை மெதுவாகத் துப்பினார். "மாப்பிள்ள எங்க?" என்று கேட்டார். "நான்தாங்க" என்றேன். "சமையலும் இப்பிடித்தானா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். நான் வைத்த ஆட்டுக்கறியை மச்சான் மட்டும் சாப்பிட்டார், இரண்டு பேர் பங்கையும்.

அக்கா, எனக்கு அழுகை வருகிறது. எப்படியாவது சமாதானம் பண்ணு.

சோலைமலை

---

லிந்துலை,
20.6.1954

அக்காவுக்கு. பதில் இல்லை. மாதம் ஒன்று ஆகிறது. குழந்தை சுகமா? எழுதித் தருபவர் சுகமா? துரை சீமைக்குப் போய்விட்டார். போகும்போது கோபுரச் சுவரைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். என்னைத் தட்டிக் கொடுக்கவில்லை.

சோலைமலை

---

லிந்துலை,
25.7.1954

அக்கா, ஒரு வரியாவது எழுது. திட்டியாவது எழுது. வெள்ளிக் கொலுசு வாங்கி வைத்திருக்கிறேன். மஃறூப் நானாவிடம் கொடுத்தால் தின்ன முடியாது, பத்திரமாக வரும்.

சோலைமலை

---

றொசல்ல,
8.8.1954

தம்பிக்கு அக்கா. எல்லோரும் சுகம். கொலுசு வந்தது, காலுக்குப் பெரிது, பிள்ளை வளரும்.

பதில் எழுதாததற்குக் காரணம், எழுதித் தருபவரை அவர் அப்பா எங்கள் வீட்டுப் பக்கம் விடவில்லை. இப்போது அவர் ஊரில் இல்லாததால் எழுதுகிறேன்.

செல்லசாமி அண்ணன் அன்றைக்கு ரெயிலில் அந்தச் சிவப்பு வேட்டியோடுதான் வந்தாராம். பெட்டியில் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. கார்டு வந்து "யாரை வெட்டினாய்?" என்று சிங்களத்தில் விசாரித்திருக்கிறார். றொசல்லயில் இறங்கி லயத்து வாசலில் நின்று, "அந்தக் கோட்டய இடிக்கிற அன்னைக்குத்தான்டா எனக்கு வயிறு குளிரும்" என்று கத்தினார். அவர் நாக்கு கருநாக்கு. போன வாரம் மஃறூப் நானா லொறியில் வந்து, "கோட்டைய உடைக்கிற கொந்தறாத்து எனக்குக் கிடைச்சிருக்கு, கல்லு வேலை தெரிஞ்ச ஆள் வேணும், வாறீங்களா செல்லசாமி?" என்று கேட்டார். அண்ணன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு சாப்பிடாமலேயே லொறியில் ஏறிவிட்டார். இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே அங்கே வந்திருப்பார்.

கோட்டை இடிபடுவதை எனக்கு ஏனடா சொல்லவில்லை?

அக்கா, ராக்காயி

எழுதுபவர் குறிப்பு: அப்பாவுக்கு இரவில் முழங்கால் குடையும். கொள்ளு ரசம் பிடிக்கும். உப்பு குறைவாகப் போடுங்கள். அதற்கு நான் கேள்வி கேட்க மாட்டேன்.

---

லிந்துலை,
17.10.1954

அன்புள்ள அக்காவுக்கு. நான் சுகம். செல்லசாமி மாமாவும் சுகம், முழங்கால் பரவாயில்லை. கோட்டைதான் போய்விட்டது.

மாமா வந்த அன்று என்னைப் பார்க்கவேயில்லை. நேரே கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு மதிலில் ஏறினார். முதல் கல்லைப் பெயர்த்தார். அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டார். "நானா, இது இடிக்கிற செவுரு இல்ல. கழட்டுற செவுரு. ஒரு கல்லு ஒடஞ்சாலும் நான் வேலய விட்டுட்டுப் போயிருவேன்" என்றார். மஃறூப் நானா தலையில் கை வைத்தார். "மழைக்கு முந்தி முடிக்கணும் செல்லசாமி, அல்லாவே!" என்றார். மாமா கேட்கவில்லை. பிள்ளைக்குச் சட்டை கழற்றுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

நான் தினமும் சமைத்தேன். கொள்ளு ரசமும் வைத்தேன், எழுதித் தருபவரின் அப்பாவைப் போல எல்லாக் கொத்தனார்களுக்கும் முழங்கால் குடையும் போலிருக்கிறது. குடித்தார், இரண்டாம் தரமும் வாங்கினார். கோபுரத்தைக் கழற்றிய அன்று என் பாயும் தலையணையும் வெளியே தெரிந்துவிட்டன. கோட்டையில் இருக்கிறேன் என்று பெருமை பேசினேனே, நான் படுத்தது படிக்கட்டுக்குக் கீழே உள்ள பொந்தில். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "மாமா, இனிமே எனக்கு லயக் காம்பராதாங்க. கோட்டை இல்லீங்க" என்றேன். அவர் பாயைப் பார்த்தார். "கோட்ட இருந்தப்ப மட்டும் எங்க படுத்திருந்த? லயக் காம்பராவுல காலயாவது நீட்டலாம்" என்றார். அவ்வளவுதான், பெண் பேச்சே எடுக்கவில்லை.

கடைசியில் வாசலைக் கழற்றினார். அந்த ஓட்டைக் கல்லை மட்டும் யாரையும் தொட விடவில்லை. தானே கயிறு கட்டி இறக்கி, சாக்கில் சுற்றி, நானாவின் லொறியில் ஏற்றினார். "இதுக்குக் கூலியில கழிச்சுக்க" என்று நானாவிடம் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். என்னை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு லொறியில் ஏறிப் போய்விட்டார். மாட்டுத் தொட்டிக்காக இருக்கலாம்.

அக்கா, நான் பெண்ணுக்குப் பொய் சொன்னவனாகிவிட்டேன். அவள் படித்த பெண், என்ன நினைத்திருப்பாளோ. எழுதித் தருபவரிடம் சொல்லி, எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிவிக்கச் சொல்.

சோலைமலை

---

றொசல்ல,
7.11.1954

கோட்டைக்காரருக்கு அம்மாக்கண்ணு எழுதுவது. ராக்காயி அக்கா, அவர்கள் வீட்டுக்காரர், பிள்ளைகள், நான் எல்லோரும் சுகம். அக்கா பக்கத்தில் இல்லை. இது அவர்கள் சொல்ல எழுதியதல்ல.

இந்தக் கையெழுத்தை முதல்முறை பார்ப்பது போல நடிக்க வேண்டாம். றொசல்லயில் தடுக்கி விழ ஒரே ஒரு கொத்தனார்தான் உண்டு. நான் எழுதுகிறேன் என்று தெரிந்தால் நீங்கள் ஒரு வரியும் எழுத மாட்டீர்கள் என்பதால், யாரென்று சொல்லக்கூடாதென்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் எழுதிவிட்டேன். உங்களுக்குத்தான் விளங்கவில்லை. சித்தி என்று எழுதியதை மட்டும் நான் சாகும்வரை சொல்லிக்காட்டுவேன்.

நீங்கள் வெட்கப்படுவதைப் பெண்ணுக்குத் தெரிவித்தாயிற்று. சித்திரையிலேயே அவளுக்குக் கோட்டை போகப் போவது தெரியும். அதற்குப் பிறகும் ஆலாத்தி பற்றிய கடிதத்தை அவள்தான் உட்கார்ந்து எழுதினாள். நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவளுக்கு லயக் காம்பரா போதும். அம்பு விடும் ஓட்டை இல்லாத சுவராக இருந்தால் குழம்பில் பனி இறங்காது.

அப்பா வந்ததும் கடப்பாரையைக்கூடக் கீழே வைக்கவில்லை. எங்கள் வீட்டு முன்வாசலைப் பிரித்தார். எத்தனையோ வருஷமாக நன்றாக நின்ற வாசல். தீபாவளியும் கொண்டாடாமல் கட்டிக்கொண்டிருந்தார். நேற்று வேலை முடிந்தது. நீங்கள் மாட்டுத் தொட்டி என்று நினைத்த கல் இப்போது எங்கள் வாசலுக்கு மேலே இருக்கிறது. மேலே பரணும் போட்டு, ஏற ஏணியும் வைத்திருக்கிறார். ஏணியில் ஏறி ஒரு குடம் தண்ணீர் ஊற்றிச் சோதித்துப் பார்த்தார். அழகாக விழுந்தது. வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தார். அம்மா இறந்த பிறகு அப்பா சிரித்ததை நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தை பிறந்ததும் பரிசம் போட வரச் சொல்கிறார். வெள்ளை வேட்டி கட்டி, வெள்ளைச் சட்டை போட்டு வர வேண்டுமாம். வாசலுக்கு வந்ததும் நேரே உள்ளே நுழையக்கூடாதாம். நின்று, அண்ணாந்து, கல் எப்படிக் கோத்திருக்கிறது என்று வாயைத் திறந்து பார்க்க வேண்டுமாம்.

மஞ்சளை நான்தான் அரைக்கிறேன்.

அம்மாக்கண்ணு